ஆமைக் கல்லுக்கு எதற்குத் தெய்வப் பெயர்?

கேள்வி: எகிப்தில் மன்னராட்சி தோன்றுவதற்கு முந்தைய கல்லறைகளில் மீன், ஆமை, நீர்யானை வடிவில் கண்மை அரைக்கும் கற்கள் கிடைத்திருக்கின்றனவே, அவை எந்தெந்தத் தெய்வங்களைக் குறிக்கின்றன?
(வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: எந்தத் தெய்வத்தையும் குறிப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. இக்கற்களைச் செய்த நக்காதா பண்பாட்டு மக்கள் கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டில், எழுத்து வருவதற்கு முன் வாழ்ந்தவர்கள். பிற்கால எகிப்தியரின் புராணங்களை எடுத்து அவர்கள் தலையில் கட்டுவது முறையல்ல. திலாப்பியா மீனை (நம் சந்தையில் ஜிலேபி என்று விற்கப்படும் இனம்தான்) மறுபிறப்போடு இணைத்த நம்பிக்கை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்குப் பிந்தைய புதிய அரசுக் காலத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஆமையின் கதை இன்னும் தெளிவானது: பிற்காலச் சமயநூல்கள் அதைச் சூரியக் கடவுள் ராவின் பகையாகச் சபிக்கின்றன, நக்காதா மக்களோ இறந்தவர் அருகில் ஆமை வடிவக் கல்லைப் பரிவோடு வைத்துப் புதைத்தார்கள். பிற்கால நூல்களைக் கொண்டு முற்கால வழக்கத்தை விளக்க முடியுமா?

ஆய்வாளர்களும் இந்த அவசரத்துக்கு ஆளானவர்களே. 1894–95-இல் எகிப்தின் நக்காதா என்னும் இடத்தில் சுமார் 2,000 கல்லறைகளைத் தோண்டிய தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, அவை வெளியிலிருந்து வந்த ஒரு புதிய இனத்தாருடையவை என்று முதலில் எழுதினார். பிறகுதான் அவர்கள் எகிப்தின் மூத்த குடிகள் என்பதை ஏற்றுக்கொண்டார்.

கற்களே சொல்லும் செய்தி குறைவானதன்று. கிழக்குப் பாலைவனத்தின் வாடி ஹம்மாமத் பள்ளத்தாக்கில் கிடைக்கும் கரும்பச்சை வண்டற்கல்லைத் தட்டையாகச் செதுக்கி, சிலவற்றில் கண்ணுக்குச் சிப்பி பதித்து, தொங்கவிட ஓட்டையும் இட்டிருக்கிறார்கள். பல கற்களில் மலக்கைட் என்னும் செம்புத் தாதுவின் பச்சைக் கறை இன்னும் இருக்கிறது. அரைக்கும் கூழாங்கல்லும் சில கல்லறைகளில் உடன் கிடைத்துள்ளது. ஆண், பெண், குழந்தை என எல்லோருடைய கல்லறைகளிலும் இவை காணப்படுவதால், பெண்களின் ஒப்பனைப் பொருள் என்று ஒதுக்கவும் இடமில்லை.

தெய்வத்தின் பெயரைத் துணிந்து சொல்ல வேண்டுமானால் கி.மு. 3100-ஐ ஒட்டிய, எகிப்திய மன்னன் நார்மரின் பெயர் தாங்கிய நார்மர் பலகைக்கு வாருங்கள். ஹீராகொன்பொலிஸ் கோயில் வளாகத்தில் கிடைத்த, 64 செ.மீ. உயரமுள்ள அக்கல்லிலும் மை அரைக்கும் குழி வட்டமாகவே இருக்கிறது. ஆனால் அதில் மன்னனின் பெயர் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பகைவனைக் கயிற்றால் பிடித்திருக்கும் பருந்தை ஹோரஸ் என்னும் தெய்வம் என்று அங்கே தயக்கமின்றிச் சொல்லலாம்.