இன்னொரு அலமாரி வேண்டாம், இப்போதைக்கு

கேள்வி: அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை உள்ள சின்ன வீடு எங்களுடையது. நான், கணவர், கல்லூரி போகும் மகள், மாமியார் என நான்கு பேர். அலமாரிகள் எல்லாம் நிரம்பி வழிகின்றன. நாற்காலி மேலும் கட்டில் மேலும் எப்போதும் துணிதான். ஹாலில் சுவர் நீளத்துக்கு ஒரு அலமாரி அடித்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு இப்போதே மூச்சு முட்டுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, தச்சரைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் துணி அலமாரியைத் திறந்து ஆழத்தை அளந்து பாருங்கள். அநேகமாக 24 அங்குலம் இருக்கும். துணியை ஹேங்கரில் தொங்கவிட அந்த ஆழம் வேண்டும். ஹேங்கரே 17, 18 அங்குல அகலம். ஆனால் மடித்த சட்டைக்கு 14 அங்குலம் போதும். மீதி 10 அங்குலத்தில் என்ன நடக்கிறது? பின்னால் இன்னொரு வரிசை அடுக்குகிறோம். அந்த வரிசை கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் வராது. அதில் இருப்பதை மறந்து, அதே மாதிரி இன்னொன்றை வாங்குகிறோம். பல வீடுகளில் அலமாரியைக் காலி செய்ய உதவியிருக்கிறேன். இடம் இல்லாத வீட்டைவிட, இருக்கிற இடத்துக்குக் கை எட்டாத வீட்டைத்தான் அதிகம் பார்த்தேன்.

இதற்குச் செலவு குறைந்த வழி, தட்டின் ஆழத்துக்கே நீளமான கூடைகள். கூடையை இழுத்தால் பின்னால் கிடப்பதும் முன்னால் வந்துவிடும். தட்டுகளுக்கு இடையே ஒன்றரை அடி இருந்தால் நடுவில் ஒரு பலகை சேருங்கள். உயரமாக அடுக்கிய துணி, அடியிலிருந்து ஒன்றை உருவியதும் சரிந்துவிடும். சட்டையும் டாப்ஸும் ஹேங்கரோடு மூன்றடிதான் தொங்கும். 7 அடி அலமாரியில் ஒரே கம்பி இருந்தால் கீழ்ப்பாதி வீண். இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே இரண்டாவது கம்பி போடச் சொல்லுங்கள்.

நாற்காலித் துணிக்கு யாரையும் திட்டாதீர்கள். ஒரு தடவை போட்டது, அழுக்கும் இல்லை, மடித்து உள்ளே வைக்கவும் மனம் வரவில்லை. அதற்கென்று வீட்டில் இடமே ஒதுக்கவில்லையே, பின்னே அது எங்கே போகும்? படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு கொக்கி அடியுங்கள். கொக்கி நிறைந்தால் துவைக்கும் நாள் வந்துவிட்டது என்று கணக்கு.

முழங்காலிலிருந்து கண் உயரம் வரை உள்ள தட்டுகள்தான் வீட்டிலேயே உசத்தியான இடம். தினம் எடுப்பவை மட்டும் அங்கே இருக்கட்டும். உங்கள் மாமியாருக்கு அதில் இடுப்பு உயரத்தில் ஒரு தட்டை முழுசாக விட்டுக்கொடுங்கள். அவர் குனியவோ எக்கவோ வேண்டாம். வேறு யாரும் அங்கே எதையும் செருகவும் கூடாது. தன் பொருள் எங்கே என்று தினமும் அடுத்தவரைக் கேட்க நேர்வது பெரியவர்களை மிகவும் நோகடிக்கும். அவர் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

பரணுக்கு எடை குறைந்தவை. காலிப் பெட்டியை அப்படியே ஏற்றாமல், கம்பளிகளை அதற்குள் வைத்து ஏற்றுங்கள். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டினால் கீழே நிற்பவருக்குத் தெரியாது, பக்கவாட்டில் ஒட்டுங்கள். மெத்தையைத் தூக்கித் திறக்கும் கட்டிலில் எப்போதாவது தேவைப்படுபவை மட்டும்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் பாருங்கள். பிறகும் ஹாலில் அலமாரி தேவைப்பட்டால் ஓர் அடி ஆழம் போதும் என்று கணவரிடம் சொல்லுங்கள். புத்தகம், கோப்பு, மருந்துப் பெட்டி எல்லாம் அதில் ஒரே வரிசையில் நிற்கும். உயரமான அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிணைக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டு வாசலுக்கு வெளியே, படிக்கட்டுத் திருப்பத்தில் இடம் சும்மா கிடக்கிறது. செருப்பு அலமாரியும் பழைய மேசையும் வைக்கலாமா?

பதில்: கூடாது. தீப்பிடித்தால் எல்லா மாடிக்காரர்களும் புகைக்குள் தடவித் தடவி இறங்க வேண்டிய வழி அது. செருப்புக்குக் கதவின் உட்புறம் குறுகலான சாய்வு அலமாரி வையுங்கள். செருப்புகள் சாய்ந்து நிற்பதால் 7, 8 அங்குல ஆழம்தான் பிடிக்கும். மேசையைத் தேவைப்படுபவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அலமாரியில் துணி பூஞ்சை வாடை அடிக்கிறது. அட்டைப்பெட்டியில் வைத்த புத்தகங்களும் அரித்துப்போயின.

பதில்: அலமாரி மழை படும் வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா? இரண்டு அங்குலம் முன்னால் இழுத்து, பின்னால் காற்று போக விடுங்கள். சுவரில் பெயின்ட் உப்பியிருந்தால் கசிவை அடைத்த பிறகுதான் மற்றது. இஸ்திரி போட்ட சூட்டோடு துணியை உள்ளே வைக்காதீர்கள், அதில் ஈரம் இருக்கும். அட்டையும் பசையும் வெள்ளிப்பூச்சிக்குத் தீனி. புத்தகங்களைத் தட்டி உதறி, திறந்த தட்டிலோ மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியிலோ வையுங்கள். பெட்டி என்றால் நன்றாக உலர்ந்த பிறகு மூடுங்கள்.