பழைய நாஸ் பெட்டிக்குப் பதிலாக 1,10,000 ரூபாய்க்கு சர்வர் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் எட்டு வருடப் பழைய நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் சேமிக்கும் பெட்டி) இருக்கிறது. உள்ளே இரண்டு 4 டிபி டிஸ்க், மிரர் முறையில், அதாவது ஒன்றில் இருப்பதே மற்றதிலும் அப்படியே பதியும். குழந்தைகளின் படங்கள், மனைவி எடுக்கும் ஆன்லைன் வகுப்பு வீடியோக்கள் என 2.6 டிபி அதில்தான். இப்போது கடகடவென்று சத்தம். சேமிப்பு, சினிமா, கேமரா பதிவு எல்லாவற்றுக்கும் ஒரே சர்வராகப் போட 1,10,000 ரூபாய் கொட்டேஷன் வந்திருக்கிறது. அதில் கிராபிக்ஸ் கார்டு மட்டும் 28,000. 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ. செலவு போக மாதம் 15,000 மிஞ்சும். வாங்கலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: இந்த கொட்டேஷனுக்கு வேண்டாம். ஆனால் ஒரு செலவை இன்றே செய்யுங்கள். 4 டிபி வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, படங்களை முதலில், வகுப்பு வீடியோக்களை அடுத்து என்று நகலெடுத்துவிடுங்கள். சத்தம் போடும் டிஸ்க் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிரர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே போய்விடும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைப் பூட்டியபோது, தனியாக நகல் வைத்திருந்தவர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள்.

நகல் முடிந்ததும் பெட்டியின் ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) திறந்து 5, 197 ஆகிய இரண்டு எண்களுக்கு எதிரே 'ரா' (raw) என்ற பத்தியில் இருக்கும் மதிப்பைப் பாருங்கள். பூஜ்யமாக இல்லாமல், ஏறிக்கொண்டும் போனால் அந்த டிஸ்கை நம்பாதீர்கள்.

இனி கொட்டேஷன். கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிடுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேர் படம் பார்க்க இன்டெல் என்100 மாதிரி சிறிய பிராசஸரில் உள்ள வீடியோ வசதியே போதும், பெட்டியை நாஸ் ஆக இயக்கும் ஓபன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதில் யாரும் கணக்கில் எடுக்காதது கரண்ட் பில். 70 வாட் இழுக்கும் சர்வர் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 100 யூனிட், அதாவது அரசு தரும் இலவச யூனிட் மொத்தத்தையும் அதுவே தின்றுவிடும். 25 வாட் பெட்டி என்றால் 36 யூனிட்தான். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடாக இருந்தால் இன்னும் கவனம், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

இஎம்ஐ மாதம் 9,167 ரூபாய் வரும், உங்களுக்கு மிஞ்சுவதில் பாதிக்கு மேல். நோ காஸ்ட் என்றாலும் கிரெடிட் கார்டு இஎம்ஐயில் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, பிராசசிங் கட்டணம் இரண்டும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும், ரொக்கத்துக்குக் கடைக்காரர் தரும் தள்ளுபடியும் போய்விடும். வெளிப்புற டிஸ்கில் நகல் இருப்பதால் அவசரம் இல்லை. மாதம் 8,000 ஒதுக்கி ஆறு மாதத்தில் 48,000 சேருங்கள். முதலில் இரண்டு புது டிஸ்க், அடுத்து சிறிய பெட்டி, கூடவே ஒரு யுபிஎஸ். கேமரா பதிவுக்குத் தனி டிஸ்க் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

மனைவி வகுப்பு வருமானத்துக்குக் கணக்குப் புத்தகம் வைத்திருந்தால், பில்லை அவர் பெயரில் வாங்குங்கள். தொழிலுக்குப் பயன்படும் பங்குக்கு வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கான 40 சதவீதத் தேய்மானம் (பொருளின் மதிப்புக் குறைவதைச் செலவாகக் கழிப்பது) கோரலாம்; அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதி. உத்தேச வருமான முறையில் (வரவில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் முறை) வரி கட்டுபவர் என்றால் தனியாக எதுவும் கழிக்க முடியாது.