ஹெல்மெட்டுக்குள் ஒரு கைபேசி

கேள்வி: டெலிவரிப் பொடியன்கள் சிவப்பு விளக்கைக் கணக்கெடுப்பதில்லை. நடைபாதையிலும் பைக்கை ஏற்றுகிறார்கள். இந்த இலட்சணத்தில் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதுகிறீர்களே, நியாயமா?
— ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: சிவப்பு விளக்கில் போவது பிழை. அதற்குப் பொலிஸ் இருக்கிறது, தண்டச் சீட்டு இருக்கிறது. எனக்கு இடித்தது உங்களுடைய ‘இந்த இலட்சணத்தில்’தான்.

போன வாரம் காலி வீதியில், சவோய் தியேட்டருக்குக் கிட்ட, சிக்னலில் நின்றேன். நல்ல மழை. பக்கத்தில் ஒரு இளைஞர். பைக் ஹேண்டிலில் கட்டியிருந்த பொலித்தீன் பைக்குள் கைபேசி அலறியது. உருவியெடுத்து ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகினார். “வாறேன் அண்ணா, சிக்னல்ல நிக்கிறேன்... இல்லண்ணா, வேற ஓடர் எடுக்கல்ல.” பச்சை விழுந்தது. அந்த ‘அண்ணா’ இன்னும் விடவில்லை. பேசிக்கொண்டே போனார்.

அந்த அண்ணா நீங்கள் என்று சொல்லவில்லை. நானாகவும் இருந்திருக்கலாம். செயலியின் வரைபடத்தில் பைக் அசையாமல் நின்றால் உடனே அழைக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. எடுக்காவிட்டால் கோபம், எடுத்தால் அவருக்கு ஒரு கை இல்லை. சிவப்பு விளக்கைத் தாண்ட வைக்கிற அவசரம் அவருடைய வீட்டிலிருந்து வருவதில்லை. ஓடருக்கு ஓடர்தான் காசு. பெற்றோல் அவர் செலவு, பைக்கின் லீசிங் அவர் தலையில். நீங்கள் குறைக்கிற நட்சத்திரமும் அவர் கணக்கில்தான் விழும்.

சரி, விழுந்துவிட்டார் என்று வையுங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், இலவசம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டும் போடுவார்கள். அதற்குப் பிறகு? வேலையில் காயப்பட்டவருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் 1934 இலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஓய்வுகாலச் சேமிப்புக்கான ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலிருந்து இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு முதலாளி வேண்டும். இவருக்கோ ஒப்பந்தத்தில் ‘பங்காளர்’ என்று பெயர். இலாபத்தில் பங்கு கேட்டுப் பார்க்கட்டும், அப்போது தெரியும். பைக்குக்கு இருக்கிற மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அவர் மோதிய ஆளுக்குத்தான். அவருடைய சொந்தக் காலுக்கு அல்ல. தனியாக விபத்துக் காப்புறுதி தருகிறோம் என்று சொல்லும் இடங்களில், ஓடர் கையில் இல்லாமல் காத்து நிற்கிற நேரத்துக்கும் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இரவு வேறு கதை. பதினொரு மணிக்குப் பிறகு சட்டைப்பையில் அன்றைய வசூல் முழுவதும் இருக்கும். அதோடு விளக்கில்லாத ஒழுங்கைக்குள், பிழையான இடத்தில் குத்திய அடையாளத்தைத் தேடி, தெருநாய்கள் பின்னால் வர, வீட்டு இலக்கம் பார்த்துப் போகிறார். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டி மிச்சம் கேட்கிறோம். அவர் வாசலிலேயே பணப்பையைத் திறந்து எண்ண வேண்டியிருக்கிறது, தெருவே பார்க்க.

நடைபாதை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துத் தொடர்மாடிகள் பலவற்றில் டெலிவரி பைக்கைக் கேற்றுக்குள் விடுவதில்லை. காலி வீதி ஓரத்தில் விட்டால் பஸ் உரசும், பொலிஸ் சீட்டு எழுதும். ஆகவே நடைபாதையில் ஏற்றிவிட்டு, மற்ற ஓடரும் பெட்டிக்குள் கிடக்க, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே லிஃப்டுக்கு ஓடுகிறார். உள்ளே பத்து நிமிடத்துக்கு ஒரு பைக் நிற்க இடம் கொடுத்தால் உங்கள் முறைப்பாட்டில் பாதி தீரும்.

காவலாளி விடமாட்டார் என்கிறீர்களா? அவரிடம் நீங்களே சொல்லலாமே. கடிதத்தை எழுதியிருப்பது தொடர்மாடி நிர்வாகக் குழுவின் தாளில், கையெழுத்துக்குக் கீழே ‘தலைவர்’ என்ற முத்திரையோடு.