சமுதாயக் கல்லூரிக்கு ஓர் எழுத்து விருது – கடிதம்

அன்புள்ள அக்கா,

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். நர்சிங் உதவியாளர், டிடிபி, தையல், ஏ.சி. மெக்கானிக் என்று ஆறு மாத, ஒரு வருடப் படிப்புகள். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு படிக்க வந்தவர்கள்தான் பெரும்பாலும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் 50,000 ரூபாய் கொடுத்து, இவர்களுக்காக ஒரு படைப்பெழுத்து விருது வையுங்கள் என்கிறார். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே இப்படி விருதுகள் உண்டாம். போன வருடம் ‘கடல் அன்னை’ என்ற தலைப்பில் நாங்கள் ஒரு கவிதைப் போட்டி வைத்தோம். 11 கவிதை வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, மூன்று நெட்டில் எடுத்தவை. இந்த முறை நிறையப் பேர் கலந்துகொள்ள, கலைக் கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? நடுவர்களை எப்படி வைப்பது? வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
தேவிபட்டினம்

அன்புள்ள தம்பி,

கலைக் கல்லூரிகளைச் சேர்க்காதீர்கள். முதல் விதியே அதுவாக இருக்கட்டும். எம்.ஏ. தமிழ் படிக்கும் மாணவர் நாலு கவியரங்கம் ஏறியிருப்பார், அவர் கையில் நடை பழகியிருக்கும். உங்கள் தையல் வகுப்புப் பெண் பள்ளியை விட்ட பிறகு பேனா எடுத்தே பல வருடம் ஆகியிருக்கலாம். இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் பரிசு எங்கே போகும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் நகரில் தொடங்கிய இரண்டு வருடக் கல்லூரி முறையில், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் அதிகம். நாலு வருடப் பல்கலைக்கழக மாணவர்களோடு மோதவிடாமல் இவர்களுக்குத் தனி விருது வைப்பதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் 1995-ல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறை பெரும்பாலும் கைத்தொழிலுக்கானது. பெரும்பாலான படிப்புகளில் தமிழ் வகுப்பு கிடையாது. இவர்கள் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படிக்கப்போகும் ஒரே சந்தர்ப்பம் உங்கள் விருதாகத்தான் இருக்கும். அதனால் பரிசுத்தொகையைப் பற்றி யோசிப்பதைவிட, வந்து சேரும் ஒவ்வொரு தாளும் எப்படிப் படிக்கப்படும் என்பதைப் பற்றி அதிகம் யோசியுங்கள்.

பக்கத்துச் சமுதாயக் கல்லூரிகளைத் தாராளமாகச் சேருங்கள். தகுதி விதியை இப்படி எழுதுங்கள்: “தற்போது படிப்பவர்கள், கடந்த 12 மாதத்தில் படிப்பை முடித்தவர்கள்.” ஜூலையில் ஆறு மாதப் படிப்பில் சேர்ந்தவர் டிசம்பரில் வெளியே போய்விடுவார். ‘தற்போது படிப்பவர்’ என்று மட்டும் போட்டால் முடிவு வரும் நேரத்தில் பாதிப் பேர் தகுதி இழந்திருப்பார்கள். வயது வரம்பு வேண்டாம்.

தேதிகளைக் கடற்கரையின் காலண்டரைப் பார்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். ஓய்வாக இருப்பார்கள், எழுதுவார்கள் என்று தோன்றும். ஆனால் வீட்டில் காசில்லாத காலம் அது, பிள்ளைகள் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகஸ்டில் அறிவித்து, அக்டோபர் 15-ஐக் கடைசி நாளாக வையுங்கள். முதல் வாசிப்பு நவம்பர் நடுவுக்குள் முடியட்டும். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, முதல் சுற்றில் தேறியவர்கள் தங்கள் எழுத்தைத் திருத்த ஒரு பட்டறை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மழைக்காலம் என்பதால் அறிவிப்பிலேயே ஒரு மாற்றுச் சனிக்கிழமையும் போட்டுவிடுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் பஸ்ஸை நம்பி யாரும் கிளம்ப மாட்டார்கள். திருத்திய படைப்புகள் டிசம்பர் 15-க்குள் வரட்டும், விழாவைப் பொங்கல் முடிந்ததும் வைத்துவிடலாம். அதற்கு மேல் தள்ளாதீர்கள். நோன்பு மாதம் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது, வரும் சில வருடங்களில் பிப்ரவரியிலும் ஜனவரியிலும் வரும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பிள்ளைகள் நோன்பு வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டோடு நடக்கும் விழாவுக்கு வந்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி தலைப்பு. ‘கடல் அன்னை’ என்று கொடுத்தால் ‘அன்னையே, அலையே’ என்றுதான் வரும். தலைப்பிலேயே பதிலும் இருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரிந்ததை எழுதவைக்கும் தூண்டுதலாக இரண்டு மூன்று கொடுங்கள்: உங்கள் வீட்டில் ஒருவர் செய்யும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் எழுதுங்கள், ஏலக்கூடத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒரு மணி நேரம் நின்று பார்த்ததை எழுதுங்கள், காசு விஷயமாக இருவர் பேசிக்கொள்வதை எழுதுங்கள். இவற்றை விட்டு வேறு எதையும் எழுதலாம் என்றும் சேர்த்துவிடுங்கள். இந்த மாவட்டத்தில் கடல் மட்டுமா இருக்கிறது? சாயல்குடிப் பக்கம் பாளை சீவுகிற வீட்டிலிருந்தும், கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வீட்டிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள்.

பிரிவு மூன்று போதும். சிறுகதை 600 முதல் 1,500 சொல், அனுபவக் கட்டுரை 500 முதல் 1,200 சொல். கவிதை என்றால் மூன்று கவிதை கொண்ட ஒரு தொகுப்பு, ஒவ்வொன்றும் 30 வரிக்குள். ஒற்றைக் கவிதையை வைத்து ஒருவரை எடைபோடவே முடியாது. மூன்று கேட்டால் காப்பியடிப்பதும் குறையும். மூன்றும் மூன்று ஆள் குரலில் இருந்தால் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

படைப்பை வாங்குவதில்தான் அதிகக் குளறுபடி நடக்கும். வாட்சப்பில் வாங்கினால் பெயரும் முகமும் தெரியும், பக்கம் முன்பின்னாகும், போட்டோவில் கடைசி வரி வெட்டுப்படும். கையெழுத்தில் எழுதுகிறவர்கள் கோடு போட்ட ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும் எழுதி, மேலே 1/4, 2/4 என்று பக்க எண் போட்டுக் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்கட்டும். டைப் செய்கிறவர்கள் யூனிகோடில் மின்னஞ்சல் அனுப்பட்டும். டிடிபி மாணவர்கள் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் குப்பையாகத் தெரியும். பாமினியில்தான் அடிக்க வரும் என்றால் ஒரு பிரிண்ட்டும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வந்த கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் டைப் செய்த பிறகுதான் நடுவரிடம் கொடுக்க வேண்டும். அச்சில் இருப்பது தேர்ந்த எழுத்தாகவும், கோணல் கையெழுத்தில் இருப்பது சுமாராகவும் தோன்றுவது மனித சுபாவம், எவ்வளவு நல்ல நடுவருக்கும் அது நேரும். டைப் செய்கிறவர் போட்டியில் கலந்துகொள்ளாதவராக இருக்கட்டும். பிழையைத் திருத்தாமல் உள்ளபடியே அடிக்கச் சொல்லுங்கள்.

பெயர், கல்லூரி, போன் நம்பர் எல்லாம் தனித்தாளில். படைப்பில் ‘க-07’, ‘சி-12’ போல எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு, பாடம் நடத்தாத ஒருவரிடம், உதாரணத்துக்கு அலுவலகக் கணக்கரிடம், இருக்கட்டும். கவிதையின் அடியில் தன் பெயரைப் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. டைப் செய்யும்போது எடுத்துவிட வேண்டும்.

நடுவர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் சுற்றில் இந்தக் கடற்கரையைத் தெரிந்த இரண்டு வாசகர்கள் வேண்டும். இருவருமே எல்லாவற்றையும் படிக்க வேண்டும், ஆளுக்குப் பாதி என்று பிரிக்கக் கூடாது. ஒருவர் முதலிலிருந்து, இன்னொருவர் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வரட்டும். நாற்பதாவது கதையைப் படிக்கும் கண் களைத்த கண், எப்போதும் அதே பிள்ளை அதில் மாட்டக் கூடாது. ஒரு உட்காரலில் 15-க்கு மேல் வேண்டாம். ‘ஆம்’, ‘பார்க்கலாம்’, ‘இல்லை’ என்று மூன்று கட்டு. இருவரில் ஒருவர் ‘ஆம்’ என்றாலே அது அடுத்த சுற்றுக்குப் போகட்டும்.

மதிப்பெண் பட்டியல் போடவே போடாதீர்கள். கருத்துக்கு 20, நடைக்கு 20, எழுத்துப் பிழைக்கு 20 என்று கட்டம் கட்டினால் கெடுவது இரண்டு. ‘கருத்து’ என்று ஒரு கட்டம் இருந்தால் எல்லாக் கதையும் கடைசிப் பத்தியில் உபதேசம் செய்யும். இரண்டாவது, சராசரி. ஒரு கதைக்கு ஒருவர் 9, மற்றவர் 4 போட்டால் சராசரி 6.5. சாதுவான இன்னொரு கதைக்கு இருவரும் 7 போட்டால் அது ஜெயித்துவிடும். 9 போட்டவர் எதைக் கண்டார் என்று யாரும் கேட்கவே மாட்டார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு நடுவர்கள், அதில் ஒருவராவது வெளி மாவட்டத்துக்காரர், தனித்தனியே வரிசைப்படுத்திவிட்டு, உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும்.

‘பேச்சு வழக்குக்காகவோ எழுத்துப் பிழைக்காகவோ எந்தப் படைப்பும் ஒதுக்கப்படாது’ என்பதை விதியாகவே அச்சிடுங்கள். ர-ற, ல-ள குழப்பத்தை ஒரு நல்ல பிழைதிருத்துநர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். வத்தை (சிறு படகு), மடி (வலை), கச்சான், வாடை (காற்றுகள்) என்று வந்தால் வெளியூர் நடுவருக்குப் புரியாமல் போகலாம். அவருக்கு முதல் சுற்று வாசகர்கள் ஒரு பக்கச் சொற்குறிப்பு எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் சொற்களை மாற்றச் சொல்லும் உரிமை நடுவருக்கு இல்லை.

இணையத்தில் எடுத்ததைக் கண்டுபிடிக்க முதல் வரியைத் தேடாதீர்கள், பலர் முதல் வரியை மாற்றிவிடுவார்கள். நடுவிலிருந்து சற்று வித்தியாசமான ஆறேழு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஏ.ஐ. எழுதியதா என்று சொல்லும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள், தமிழுக்கு அவை தரும் முடிவு நம்பத்தக்கதல்ல. பட்டறையே அதற்கும் போதுமானது.

இந்தப் பட்டறைதான் நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது. முதல் சுற்றில் தேறிய 12 பேரை ஒரு நாள் கூட்டி வையுங்கள். ஒவ்வொருவரோடும் ஒரு வாசகர் இருபது நிமிடம் உட்காரட்டும். உதாரணத்துக்கு, ஒரு பெண் இப்படி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘என் தாய் தினமும் கடலுக்குச் சென்று பாசி சேகரித்து எங்களைக் காப்பாற்றுகிறார். அவர் ஒரு தியாகச் சுடர்.’ இதை நன்றாக இல்லை என்று சொல்ல வேண்டாம். தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி அம்மா என்ன செய்வாங்க என்று கேளுங்கள். “விரல்ல துணி சுத்துவாங்க. இல்லேன்னா பாறை கிழிச்சிரும்.” எந்தக் கையில? “ரெண்டுலயும். இடது கைக்கு அவங்களே சுத்திக்குவாங்க. வலது கைக்கு நான் கட்டிவிடுவேன்.” கதை அங்கே இருக்கிறது. ‘தியாகச் சுடர்’ என்ற வரியை அவளே அடித்துவிடுவாள். கேட்பவர் தானே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது, பேனா அவள் கையில்தான் இருக்க வேண்டும். திருத்தி எழுத 15 நாள் அவகாசம். கடைசி நடுவர்களுக்கு முதல் வடிவம், திருத்திய வடிவம் இரண்டும் போகட்டும். வேறொருவர் எழுதியதைக் கொண்டுவந்தவரால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் முடியாது, திருத்தவும் முடியாது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலே விஷயம் தெளிந்துவிடும்.

பட்டறைக்குப் பெண்கள் வர, கூட வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வர சுமார் 55 கிலோமீட்டர். இரண்டு பேருக்கு பஸ் சார்ஜும் சாப்பாடும் கொடுங்கள், மூன்றரை மணிக்கு முடித்துவிடுங்கள்.

தேறாதவர்களுக்கும் ஆளுக்கு நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். அவர்கள் எழுதியதில் நல்ல ஒரு வரியை எடுத்து எழுதி, ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒரு வாக்கியம். அடுத்த முறை கவனிக்க ஒரே ஒரு விஷயம். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 40 பேருக்கு ஏழு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு வாசகர்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை.

பணத்தை நான் இப்படிப் பிரிப்பேன். மூன்று பிரிவுக்கும் முதல் பரிசு 6,000, இரண்டாம் பரிசு 3,000, ஆக 27,000. பட்டறைக்கு 7,000. கடைசி நடுவர்கள் இருவருக்கும் மதிப்பூதியம், பயணம் சேர்த்து 8,000. டைப்பிங், ஜெராக்ஸ் 2,000. தேர்ந்தெடுத்தவற்றைச் சிறு நூலாகப் போட 6,000. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்கில் வர வேண்டும், 32 அல்லது 36 என்று முதலிலேயே திட்டமிடுங்கள், எத்தனை பிரதி என்பதை இரண்டு அச்சகத்தில் விலை கேட்டபின் முடிவு செய்யலாம். ஷீல்டு, பொன்னாடை, ஃப்ளெக்ஸ் எதற்கும் இதில் இடமில்லை. பரிசுப் பணத்தை விழா நடக்கும் வாரத்திலேயே வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கல்லூரிப் பதிவில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்பது சாதாரணம். பாஸ்புக் முதல் பக்க நகலை முன்னரே வாங்கிவையுங்கள்.

‘படைப்பின் முழு உரிமை அமைப்பாளருக்கே’ என்ற வரி பல போட்டி நோட்டீஸ்களில் இருக்கும். அதை நகலெடுக்காதீர்கள். 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமை மாற்றம் செல்லும், காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடத்துக்குத்தான். உங்களுக்குத் தேவை ஒரு முறை நூலில் அச்சிடும் அனுமதி. அதை மட்டும் எழுதி வாங்குங்கள். புனைபெயரில் வெளியிடும் வசதியும் இருக்கட்டும். வட்டிக்கடன், குடி, எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட அண்ணன் என்று எழுதும் பிள்ளைகள் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்கள். உண்மையான ஆட்களின் பெயரை மாற்றச் சொல்லுங்கள்.

அறிவிப்பை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், விதிகளை வரி வரியாகப் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன். முதல் சுற்று வாசகருக்கு ஆள் கிடைக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா