அண்ணன் அனுப்பிய ரயிலுக்கு டிகோடர் வைக்கலாமா?

கேள்வி: 1960-களில் லண்டனில் வேலை பார்த்த என் அண்ணன் எனக்கு ஒரு ட்ரை-ஆங் பொம்மை ரயில் செட் அனுப்பினார். அதிலிருந்த 'பிரின்சஸ் எலிசபெத்' நீராவி இன்ஜின் இன்னும் ஓடுகிறது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே சூடாகி மெதுவாகிவிடுகிறது. இதில் டிஜிட்டல் கன்ட்ரோலும் சத்தமும் வைக்க முடியுமா? பேரன் நச்சரிக்கிறான்.
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பொன்மலை

பதில்: வைக்கலாம் சார். ஆனால் டிகோடருக்கு, அதாவது டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டுகிற குட்டி போர்டுக்கு, பணம் கட்டுவதற்கு முன்னால் மோட்டாரைக் கவனியுங்கள். சூடாகிற மோட்டாரில் எவ்வளவு விலையுயர்ந்த போர்டை வைத்தாலும் அது சூடாகத்தான் செய்யும், போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் எக்ஸ்04 என்ற மோட்டாராக இருக்கும். அதன் காந்தம் இத்தனை வருஷத்தில் வலு குறைந்திருக்கும், யாராவது சுத்தம் செய்கிறேன் என்று நடுவில் காந்தத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்னும் மோசம். காந்தம் பலவீனமானால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும், வேகம் இருக்காது. அதே இடத்தில் உட்கார்கிற மாதிரி நியோடிமியம் காந்தங்கள் கிடைக்கின்றன, மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் கம்யூட்டேட்டர், அதாவது பிரஷ் என்ற கார்பன் துண்டுகள் உரசிக் கரண்ட் கொடுக்கிற சுழலும் பகுதி. மூன்று செம்புத் துண்டுகள், அவற்றுக்கு நடுவே மூன்று மெல்லிய இடுக்குகள். அந்த இடுக்குகளில் கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். பல்குச்சியின் முனையால் சுரண்டி எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். இரண்டு பேரிங்குக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

இப்போது டிஜிட்டல் விஷயம். பழைய முறையில் கன்ட்ரோலரைத் திருகினால் தண்டவாளத்தின் வோல்டேஜ் ஏறும், இறங்கும், அதன் மேல் நிற்கும் எல்லா இன்ஜினும் ஒன்றாக ஓடும். டிசிசி என்ற டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், கட்டளைகளும் அதன் மேலேயே வரும், வகுப்பில் டீச்சர் நம்பர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு இன்ஜினும் தன் நம்பர் வந்தால் மட்டும் கேட்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை இது, 1990-களில் அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்எம்ஆர்ஏ இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு கம்பெனியின் டிகோடர் இன்னொரு கம்பெனியின் கன்ட்ரோலரோடு வேலை செய்யும்.

பழைய இன்ஜின்களைப் பலி வாங்குகிற இடம் ஒன்று உண்டு. எக்ஸ்04-இல் இரண்டு பிரஷ்களையும் ஒரே கம்பி ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் கரண்ட் கடத்தாத சின்ன ஸ்லீவ் போட்டிருப்பார்கள், மறு கால் வெறும் கம்பி, அதன் வழியாக அந்தப் பிரஷ் நேரே சேசிஸோடு, அதாவது இன்ஜினின் உலோக அடிச்சட்டத்தோடு, சேர்ந்துவிடும். அந்தக் காலத்தில் அது சிக்கனமான ஏற்பாடு. டிகோடருக்கு அது எமன், ஏனென்றால் தண்டவாளக் கரண்ட் டிகோடரின் மோட்டார் பக்கத்துக்குள் நேரடியாகப் பாயும். அதனால் மறு காலுக்கும் ஒரு ஸ்லீவ் மாட்டி, இரண்டு பிரஷ்களுக்கும் தனித்தனி வயர் சால்டர் செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள்: எந்தப் பிரஷுக்கும் சேசிஸுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது, எந்தப் பிரஷுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பீப் சத்தம் வந்தால் டிகோடர் டப்பாவைத் திறக்காதீர்கள். டிவி திரையில் கோடு விழாமல் இருக்க அப்போது ஒரு கெப்பாசிட்டர் வைப்பார்கள், அது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வயரிங் சுலபம். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. நீலம், வெள்ளை, மஞ்சள் மூன்றும் விளக்குக்கு. டிகோடரையும் ஸ்பீக்கரையும் டெண்டரில், அதாவது இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரிவண்டியில், வைப்பதுதான் என் விருப்பம், இன்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே மெல்லிய வயர்கள் போகும், அவ்வளவுதான். டெண்டர் சக்கரங்களிலும் கரண்ட் எடுக்கிற தகடு வையுங்கள். பழைய இன்ஜின் அழுக்கு இடத்தில் ஒரு நொடி தடுமாறிப் போய்விடும், சவுண்ட் டிகோடருக்கோ அந்த நொடி போதும், சத்தம் நின்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். வாங்குமுன் 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை ஒரு கணம் பிடித்து நிறுத்தி, எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து, அதைத் தாங்கும் டிகோடரையே எடுங்கள். புது டிகோடரின் முகவரி, அதாவது கன்ட்ரோலர் கூப்பிடும் நம்பர், 3 என்று இருக்கும், முதல் சோதனையை புரோகிராமிங் தண்டவாளத்தில் (டிகோடர் அமைப்புகளை மாற்றுவதற்கான தனித் தண்டவாளத்தில்) செய்தால் தப்பு இருந்தாலும் கரண்ட் குறைவாகவே பாயும்.

பொன்மலைக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். இஎஸ்யூ லோக்சவுண்ட் மாதிரி டிகோடர்களில் நாமே சத்தத்தை ஏற்றலாம், அதற்கென்று தனிக் கருவி விற்கிறார்கள். பிரிட்டிஷ் இளவரசிக்கு நம்மூர் மீட்டர்கேஜ் ஒய்பி நீராவி இன்ஜினின் சத்தம் கொடுத்தால் சுத்தவாதிகள் திட்டுவார்கள், திட்டட்டும்.

கேள்வி: பழைய பொருள் சந்தையில் பெட்டியோடு ஹார்ன்பி டப்லோ 'சர் நைஜல் கிரெஸ்லி' கிடைத்தது, மூன்று தண்டவாள வகை. சவுண்ட் வைக்க ஆசை.
— ஹாரோ, லண்டன்

பதில்: பெட்டியோடு நல்ல நிலையில் இருக்கிறதென்றால் தயவுசெய்து தொடாதீர்கள். அதே இன்ஜின் பெயிண்ட் உரிந்து, பெட்டி இல்லாமல், மலிவாகக் கிடைக்கும், அதில் வையுங்கள். அதிலும் உடம்பைத் துளைக்காமல், எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றுகிற மாதிரி செய்யுங்கள். டப்லோ வந்தது 1938-இல். போருக்கு முந்தைய வார்ப்பாக இருந்தால் உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் சேர்ந்துபோன வார்ப்புகள் தானாகவே வீங்கி உதிர்ந்துவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. சவுண்ட் ஃபைல் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம்: நிஜ கிரெஸ்லி ஏ4 இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆறு 'குப்' வர வேண்டும். நாலு வந்தால் அது வேறு ஏதோ இன்ஜின்.

கேள்வி: இங்கே வாங்கிய பழைய லயனல் ரயிலை யாழ்ப்பாணத்தில் இருக்கும் மருமகனுக்குக் கொண்டுபோகப் போகிறேன். அதற்கு முன் டிகோடர் போட்டுவிடலாமா?
— ஸ்கார்பரோ, கனடா

பதில்: முதலில் டிரான்ஸ்ஃபார்மர். உங்கள் ஊரில் 120 வோல்ட், அங்கே 230. அதை அப்படியே செருகினால் புகைதான் வரும், பழைய டிரான்ஸ்ஃபார்மரை உங்கள் ஊரிலேயே விட்டுவிட்டு அந்த ஊருக்கு ஏற்றதாக வாங்குங்கள். பழைய லயனல் ஏசியில் ஓடுவது, மோட்டாரில் நிரந்தரக் காந்தமே இல்லை, சுருள்தான். சாதாரண டிசிசி டிகோடர் அதற்கு நேரடியாகப் பொருந்தாது. ஃபீல்டு சுருளை ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாக இணைத்தால் டிசி மோட்டார் போல நடந்துகொள்ளும், ஆனால் ஓ அளவு என்ற பெரிய ரயில்களுக்கான டிகோடர் வேண்டும். என்னைக் கேட்டால் அப்படியே விட்டுவிடுவேன். டெண்டரில் விசில் இருந்தால் அதற்குள் குட்டி மோட்டார் ஒன்று நிஜமாகவே காற்றை ஊதும். எந்தச் சிப்பும் அந்த ஊதலைத் தராது.

கேள்வி: சவுண்ட் வைத்தேன், கொசு பாடுவது போல இருக்கிறது!
— மதுரை

பதில்: ஸ்பீக்கரை வெறுமனே ஒட்டியிருப்பீர்கள். அதன் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. பின்பக்கம் காற்றுப் புகாத சின்னப் பெட்டி கட்டுங்கள், மூலையில் ஊசி ஓட்டைகூட இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பதை டிகோடர் கையேட்டில் பார்த்துவிடுங்கள், 8 ஓம் கேட்கிற டிகோடருக்கு 4 ஓம் கொடுத்தால் ஆம்ப்ளிஃபையர் போகும்.

கேள்வி: நான் எலெக்ட்ரானிக்ஸ் மாணவன். டிசிசி கன்ட்ரோலர் விலை கட்டுப்படியாகவில்லை. டிகோடர் இல்லாத பழைய இன்ஜினையும் அதே தண்டவாளத்தில் ஓட்டலாமா?
— கோவை

பதில்: டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளைப் பாருங்கள். ஆர்டுயினோ மெகாவும் ஒரு மோட்டார் ஷீல்டும் இருந்தால் கன்ட்ரோலர் தயார், வைஃபை சேர்த்தால் போனிலிருந்தே ஓட்டலாம். டிகோடர் இல்லாத இன்ஜினை 0 என்ற முகவரியில் ஓட்ட வழி செய்திருக்கும் கன்ட்ரோலர்கள் சில உண்டு, ஆனால் நிற்கும்போதும் மோட்டார் 'ங்ஙீ' என்று ரீங்காரம் போட்டுக்கொண்டே சூடேறும். பழைய மோட்டார் என்றால் அந்த விளையாட்டு வேண்டாம்.