யார் வீட்டுப் பணம்? அமெரிக்கக் குடியேற்றமும் நலத்திட்டங்களும்: கேள்வி பதில்

ஓஹையோ மாநிலத்தின் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) நலத்துறை அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் உணவு உதவி, மருத்துவ உதவி விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் இக்கேள்விகளுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: எந்தத் திட்டம், எந்த மாநிலம், எந்தக் குடியேற்ற நிலை என்ற மூன்றையும் சொல்லாமல் கேட்கப்படும் கேள்விக்கு யாராலும் சரியான பதில் சொல்ல இயலாது.

ர. கோ., கோயம்புத்தூர்: ஆவணமின்றி எல்லை தாண்டி வருபவர்களுக்கு அமெரிக்க அரசு உணவு, மருத்துவம், ரொக்கம் எல்லாம் தருகிறது என்றும், சொந்தக் குடிமக்கள் தெருவில் கிடக்கிறார்கள் என்றும் நாள்தோறும் காணொளிகள் வருகின்றன. உண்மை எது?

மத்திய அரசின் பெரிய திட்டங்களைப் பொறுத்தவரை உண்மையன்று. 1996 ஆகஸ்டில் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், ஆவணமற்றவர்களை உணவு உதவி, முழுமையான மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), ரொக்க உதவி ஆகியவற்றிலிருந்து விலக்கியதோடு நிற்காமல், கிரீன் கார்டு பெற்றவர்களில் பெரும்பாலோரையும் ஐந்தாண்டுகள் காத்திருக்க வைத்தது. எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பதாரரின் குடியேற்ற எண்ணை 'சேவ்' என்ற மத்திய அரசின் சரிபார்ப்புக் கணினியில் இடுவோம். அது தரும் பதிலை வைத்துத்தான் மேற்கொண்டு நகர முடியும்.

விதிவிலக்குகள் உண்டு, காணொளிகள் பிழைப்பதே அவற்றை வைத்துத்தான். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை, அவர் யாராயினும், மருத்துவமனைகள் கவனித்தே தீர வேண்டும் என்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். ஆவணமற்ற பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982-இல் டெக்சாஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இவை தவிர, கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தம் சொந்த நிதியிலிருந்து ஆவணமற்றோருக்கு மருத்துவ உதவி தந்து, செலவு மீறியதும் பின்வாங்கத் தொடங்கியிருக்கின்றன.

என் மேசைக்கு அடிக்கடி வந்த விண்ணப்பம் ஒன்றைச் சொல்கிறேன். நான்கு பேர் கொண்ட குடும்பம். தாய் தந்தைக்கு ஆவணம் இல்லை, இரு குழந்தைகளும் ஓஹையோவில் பிறந்த குடிமக்கள். படிவத்தில் நான்கு பெயர், உதவி இரண்டு பெயருக்கு மட்டும். கடையில் அந்த உதவித்தொகை ஏற்றிய அட்டையைத் தேய்ப்பவர் தாய். வரிசையில் பின்னால் நிற்பவர், போன வாரம்தான் சம்பளம் முப்பது டாலர் கூடிவிட்டது என்று தன் உதவி வெட்டப்பட்டவர். அவருக்கு அட்டை தெரியும். அதிலுள்ள தொகை யாருடையது என்பது தெரியாது. அவரை இனவெறியர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள், அந்த வரிசையில் ஒரு நாளும் நின்றிராதவர்கள்.

பா. செ., நியூ ஜெர்சி: அப்படியானால் நியூயார்க் நகரம் ஏன் ஓட்டல் ஓட்டலாக வாடகைக்கு எடுத்தது? தங்கள் விளக்கம் அங்கே பொருந்தவில்லையே?

நல்ல கேள்வி. அங்கே வேறு விதி. இடம் கேட்டு வருபவருக்குப் படுக்கை தர வேண்டும் என்று 1981-இல் ஒரு வழக்கில் நியூயார்க் நகரம் ஒப்புக்கொண்டது. அது அந்நகர வீடற்றோருக்காக எழுந்த உடன்பாடு. 2022 வசந்த காலம் முதல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தபோது, அதே உடன்பாடு நகரத்தின் கழுத்தைப் பிடித்தது. மூடிக் கிடந்த ரூஸ்வெல்ட் ஓட்டல் 2023 மே மாதம் வரவேற்பு மையமானது. அந்தக் கட்டடம் அப்போது பாகிஸ்தான் அரசு விமான நிறுவனத்தின் சொத்தாக இருந்தது எதிர்ப்பாளர்களுக்குக் கூடுதல் தீனி.

ஆனால் இதில் பலரும் கவனிக்காத முடிச்சு ஒன்று உண்டு. தஞ்சம் கோரி மனுக் கொடுத்தவர், அப்போதிருந்த விதிப்படி, 150 நாட்கள் கழித்தே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும்; 180 நாட்களுக்கு முன் அது கைக்கு வராது. உழைக்கத் தயாராக வந்தவனை உழைக்காதே என்று மத்திய அரசு சட்டத்தால் தடுக்க, அவனுக்குச் சோறும் படுக்கையும் போடும் பொறுப்பு நகரத்தின் தலையில் விழுந்தது.

பொருளாதார வாதத்தின் அடிப்படையும் இதுதான். குடியேறிகளால் லாபமா நட்டமா என்று கேட்பவர்கள், யாருடைய கணக்குப் புத்தகத்தில் என்று கேட்பதில்லை. வருமான வரியும், முதியோர் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் வாஷிங்டனுக்குப் போகின்றன. பள்ளிக்கூடம், மருத்துவமனை, தங்குமிடம் ஆகியவற்றின் செலவு மாநிலத்துக்கும் நகரத்துக்கும் வருகிறது. தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, முதல் தலைமுறைக் குடியேறிகளால் மாநில, உள்ளாட்சி நிதிக்குச் சுமை என்றும், அவர்களின் பிள்ளைகள் வளர்ந்து நாட்டின் வலுவான வரி செலுத்துவோராகிறார்கள் என்றும் ஒரே மூச்சில் சொன்னது. ஒரு கட்சி முதல் பாதியையும் மறு கட்சி இரண்டாம் பாதியையும் கத்தரித்து வைத்துக்கொண்டன.

லெ. ந., சார்லட்: கிரீன் கார்டு வாங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. வேலை போய்விட்டது. உணவு உதவி கிடைக்குமா?

பொதுவாக உங்களுக்கு ஐந்தாண்டு ஆக வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட கிரீன் கார்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. நாளைக்கே உங்கள் கவுண்டி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

த. இ., மதுரை: தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பார்கள். உக்ரைனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு உள்ளூர்க்காரனைக் கைவிட்டதால்தானே டிரம்ப் வென்றார்?

உணர்வைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். 2023 பிப்ரவரி 3 அன்று எங்கள் மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் நச்சு வேதிப்பொருள் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு எரிந்தது. அதே மாதம் 20-ஆம் நாள் பைடன் கீவ் நகரத்தில் நின்றார். 22-ஆம் நாள் டிரம்ப் ஈஸ்ட் பாலஸ்டைனுக்கு வந்து குடிநீர்ப் புட்டிகளை வழங்கினார். பைடன் அவ்வூருக்கு வர ஓராண்டு ஆயிற்று. ஆயிரம் பொருளாதார அறிக்கைகளால் அந்த இரண்டு புகைப்படங்களை அழிக்க முடியாது.

கணக்கு வேறு கதை சொல்கிறது. வெளிநாட்டு உதவி மத்திய அரசின் செலவில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. உக்ரைன் போரின்போது சற்றுக் கூடுதல். செலவின் பெரும்பகுதி முதியோர் ஓய்வூதியம், மருத்துவம், ராணுவம், கடன் வட்டி ஆகியவற்றுக்குப் போகிறது. 2025 ஜூலை 1 அன்று வெளிநாட்டு உதவிகளை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் நிறுவனத்தின் கதவு சாத்தப்பட்டது. மூன்று நாள் கழித்து, ஜூலை 4 அன்று கையெழுத்தான பெருஞ்சட்டம், உள்நாட்டு ஏழைகளின் மெடிக்கெய்டையும் உணவு உதவியையும் குறைத்தது. குடியேற்ற அமலாக்கத் துறையான ஐசிஇ-க்கு மட்டும் சுமார் 75 பில்லியன் டாலர் ஒதுக்கியது. தானத்தை நிறுத்தினால் மிச்சம் தனக்கு வரும் என்பது நம் பழமொழியின் நம்பிக்கை. ஈஸ்ட் பாலஸ்டைனுக்கு அந்த மிச்சம் வந்து சேரவில்லை.

ச. வி., டாலஸ்: தாங்கள் ஆவணமற்றோரையும் எங்களையும் ஒரே மூட்டையில் கட்டுவது போலிருக்கிறது. நாங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் முறையாக வந்தவர்கள், வரி கட்டுபவர்கள், ஒரு டாலர் உதவி வாங்காதவர்கள். இந்தக் கோபம் எங்கள் மீதானது அன்று.

ஐயா, நான் கட்டவில்லை, கட்டியவர்கள் வேறு. 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் வெள்ளை மாளிகையின் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவிக்கப்பட்டதும் டிரம்ப் ஆதரவாளர்களுக்குள்ளேயே மூண்ட சண்டையை நினைவுகூருங்கள். தொழிலதிபர்கள் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் ஹெச்-1பி விசாவுக்கு ஆதரவாக நின்றார்கள். டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் அதை மோசடி என்றார். சண்டையில் எல்லைச் சுவரும் இல்லை, உணவு உதவியும் இல்லை. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து எடுக்கப்படும் புதிய ஹெச்-1பி பணியாளருக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது.

அந்த விசாவை எதிர்ப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஓர்லாண்டோவில் ஒரு பெரிய பொழுதுபோக்கு நிறுவனத்தின் கணினிப் பிரிவு ஊழியர்கள், தங்களுக்குப் பதிலாக விசாவில் வந்தவர்களுக்குத் தாங்களே வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியேறியது 2015-இல் நாடறிந்த செய்தி. அவர்கள் யாரும் வரி ஏய்த்தவர்களைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.

அதே ச. வி.: அது சில நிறுவனங்களின் குற்றம். நாங்கள் கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகையில்தானே அவர்களுடைய முதியோர் வாழ்கிறார்கள்?

வாழ்கிறார்கள். இரு நாட்டுப் பங்களிப்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் உடன்பாடு இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லாததால், பத்தாண்டுப் பங்களிப்பு நிறையும் முன் ஊர் திரும்பும் இந்தியர் கட்டிய பணம் அங்கேயே தங்கிவிடுகிறது. போலிச் சமூகப் பாதுகாப்பு எண்ணில் வேலை பார்க்கும் மெக்சிகோக்காரர் கட்டும் தொகையும் அப்படியே. நீங்கள் இருவரும் ஒரே மூட்டையில்தான் இருக்கிறீர்கள். மூட்டையின் பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லை.

மே. அ., சிகாகோ: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் முதலாளிகள் தொழிலாளரைப் பிரித்தாளும் சூழ்ச்சி. உண்மையான இடதுசாரி ஒருபோதும் குடியேறியை எதிர்த்ததில்லை.

வரலாறு தங்களுக்கு ஒத்துழைக்கவில்லை. 'பாப்புலிஸ்ட்' என்ற பெயரையே உலகுக்குத் தந்த மக்கள் கட்சி, 1892-இல் ஒமாஹாவில் ரயில்வேயை அரசுடைமையாக்கவும் படிநிலை வருமான வரி விதிக்கவும் கோரிய அதே மாநாட்டில், உலகத்தின் ஏழைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் துறைமுகங்களைத் திறந்துவிட்டு உள்ளூர்க் கூலியாளை நெருக்கித் தள்ளுகிறார்கள் என்றும் தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே சான் பிரான்சிஸ்கோவில், சீனர்கள் வெளியேற வேண்டும் என்று முழங்கிய டென்னிஸ் கியர்னி தொழிலாளர் கட்சித் தலைவர். அவரே அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். விவசாயத் தொழிலாளர்களின் தலைவர் சீசர் சாவேஸ், வேலைநிறுத்தத்தை முறிக்கக் கொண்டுவரப்பட்ட ஆவணமற்றோரைக் கடுமையாக எதிர்த்தார். இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ்கூட 2015-இல் ஒரு பேட்டியில், எல்லைகளைத் திறந்துவிடுவது கோக் சகோதரர்கள் என்ற கோடீசுவரர்களின் யோசனை என்றுதான் சொன்னார்.

ச. வி. அவர்களும் மே. அ. அவர்களும் இதற்குப் பின் பதினொரு கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்பது கேள்விகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை. எனக்கு அவற்றில் வேலையில்லை.

உ. ம., திருச்சி: ஆவணமற்றோருக்கு எல்லாம் இலவசமாமே?
ஜெ. பி., சேலம்: எல்லை தாண்டி வந்தவர்களுக்கு மாதம் ரொக்கம் தருகிறார்களாமே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கா. சு., ஹூஸ்டன்: ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு வரி என்கிறார்களே?

2026 ஜனவரி முதல் ஒரு விழுக்காடு. ரொக்கமாகவோ மணி ஆர்டர் போன்ற வழிகளிலோ செலுத்தி அனுப்பினால் மட்டும். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை.

வ. தே., மொன்றியால்: ஸ்பிரிங்ஃபீல்ட் தங்கள் மாநிலம்தானே? அங்கே ஹைட்டியர்கள் உதவித்தொகை பெற்றது உண்மைதானே?

உண்மை, இங்கேதான் என் முதல் பதிலுக்கும் விலக்கு வருகிறது. கியூபர்களையும் ஹைட்டியர்களில் பலரையும் சட்டம் தனிப் பிரிவாக நடத்துகிறது. அவர்களுக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பு இல்லை. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் அகதிகளையே உணவு உதவியிலிருந்து நீக்கியபோதும் இந்தப் பிரிவை விட்டுவைத்தது. ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் வாழும் ஊரில் சில ஆண்டுகளுக்குள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். ஆலைகள் அவர்களை விரும்பி அழைத்தன; வாடகை ஏறியது, மருத்துவமனை வரிசை நீண்டது, அங்கே பேச மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. 2024 செப்டம்பர் விவாத மேடையில், ஹைட்டியர்கள் அக்கம்பக்கத்தாரின் பூனை, நாய்களைத் தின்கிறார்கள் என்ற கதையை டிரம்ப் சொன்ன பிறகு ஆளுநர் டிவைன் அதை மறுத்தார்; ஆரம்ப மருத்துவச் சேவைக்கு 25 லட்சம் டாலரை அந்த விவாதத்துக்குச் சற்று முன்புதான் அவர் அறிவித்திருந்தார். அந்தத் தொகை இரண்டாண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் அந்த வரிசையில் பாதி இருந்திராது.

ந. ர., ஊர் குறிப்பிடவில்லை: எனக்கு மெடிக்கெய்ட் கிடைக்குமா?

எந்த மாநிலம்? எந்த விசா?