'டிவோஷன்' படத்தில் வருவது உண்மையிலேயே நடந்ததா?

ஆமாம், படத்தின் முக்கியமான சம்பவம் நிஜமாகவே நடந்தது. 2022இல் வந்த இந்தப் படம் ஜெஸ்ஸி பிரவுனைப் பற்றியது. மிசிசிப்பி மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 1948இல் அமெரிக்கக் கடற்படையின் விமானிப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

1950 டிசம்பர் 4, கொரியப் போர். வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கம் பக்கம் பறந்தபோது அவருடைய கோர்செயர் விமானம் சுடப்பட்டு பனிமலைச் சரிவில் விழுந்தது. உயிரோடுதான் இருந்தார், ஆனால் நசுங்கிய விமானத்துக்குள் கால் மாட்டிக்கொண்டது. மேலே பறந்துகொண்டிருந்த சக விமானி டாம் ஹட்னர், யாரும் சொல்லாமலே, சக்கரத்தை இறக்காமல் தன் விமானத்தையும் அதே சரிவில் மோதி இறக்கினார். இது சினிமாவுக்காகச் சேர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. எரிந்துகொண்டிருந்த இன்ஜின்மேல் வெறும் கையால் பனியை அள்ளி அள்ளிப் போட்டார், பிரவுனின் தலையில் கம்பளிக் குல்லாவை மாட்டிவிட்டார். அப்புறம் வந்த ஹெலிகாப்டர் விமானி கோடரி கொண்டுவந்தும் காலை விடுவிக்க முடியவில்லை. பிரவுன் அங்கேயே இறந்துபோனார்; கடைசியாகப் பேசியது மனைவி டெய்சியைப் பற்றித்தான்.

ஹட்னருக்கு 1951இல் நாட்டின் உயரிய வீரப் பதக்கத்தை ஜனாதிபதி ட்ரூமன் வழங்கியபோது டெய்சியும் அங்கே இருந்தார். எனக்கு இதைவிட மனதை உலுக்கியது வேறொன்று: 2013இல், 88 வயதில், நண்பரின் உடலைத் தேடி ஹட்னர் வட கொரியாவுக்கே போனார். மழை வெள்ளத்தால் அந்த இடத்தை எட்ட முடியாமல் திரும்பினார்.